கேட்ட நாள், தந்த நாள்

அவர் தயாரித்த இசைவுப் படிவத்தில் இரண்டு தேதிகளுக்கு இடம் இருந்தது. ஒன்று கேட்ட நாள். இன்னொன்று தந்த நாள். இரண்டும் ஒரே தேதியாக இருந்தால் அந்தப் படிவத்தை அவர் ஏற்கமாட்டார். பதிப்பாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, டீ வாங்கிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பியிருந்தாலும் அப்படித்தான். அவரைப் பற்றி எனக்கு நினைவிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளோடு சம்பந்தப்பட்டது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுதுவதை வேறு யார் பொறுத்துக்கொண்டாலும் அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார்.

ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில், ஒரு எஸ்டேட் குடும்பம் கொடுத்த மூன்று அறைக் கட்டிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் கிளை அது. பழைய ஆய்வுப் பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் மின்காப்பகம். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி பக்கத்துப் பதிப்பாளர்கள் எங்கள் பொறுப்பு. மழையும் பனியும் இருக்கிற ஊரில் புத்தக வேலையா என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டிடம் சும்மா கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். அறையில் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் போனதும் அதன் தொட்டியில் நிறைந்திருக்கும் தண்ணீரை எடுத்து வாசலில் இருந்த ரோஜாச் செடிகளுக்கு ஊற்றுவது என் முதல் வேலை.

ஆய்வுப் பதிப்பு என்றால் என்ன என்று என் மாமியார்கூடக் கேட்டிருக்கிறார். ஒரு பழைய நூலுக்கு எங்கெங்கோ ஏட்டுச்சுவடியும் கையெழுத்து நோட்டும் இருக்கும். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அவற்றையெல்லாம் தேடி, ஒப்பிட்டு, எந்த வரி சரி என்று ஒருவர் முடிவு செய்து, மற்றவற்றில் எப்படி இருக்கிறது என்பதையும் அடியில் குறித்துத் தருகிற புத்தகம். பத்து வருடம் உழைத்து ஒரு பதிப்பு வரும். ஐந்நூறு பிரதி அச்சடிப்பார்கள். அது தீர்ந்தபின் மறுபடி அச்சடிக்க மாட்டார்கள். பதிப்பாளரிடம் ஒரே ஒரு பிரதி மிஞ்சும். அதை ஆபீஸ் காப்பி என்பார்கள். எங்களுக்கு அந்த ஆபீஸ் காப்பி வேண்டும், அதை இணையத்தில் போடுவதற்குக் கையெழுத்தும் வேண்டும். இரண்டையும் வாங்குவதுதான் அவருடைய வேலை.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உயரம். பஸ்ஸில் நின்றால் மேல்கம்பியை எக்காமல் பிடிப்பார். தோளில் துணிப்பை, அதற்குள் ஒரு நீலக் கோப்பு, தயிர்சாதம்.

என்னை வேலைக்கு எடுத்ததும் அவர்தான். என் பாப்பாவுக்கு அப்போது பதினொரு மாதம். குழந்தையைக் கூட்டி வரலாம், கேமரா அறைக்குள் மட்டும் விடக்கூடாது என்றார். எம்.ஃபில். முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அப்படி ஒரு வேலை மலைமேல் கிடைக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. உடனே சரி என்றேன்.

“இன்னைக்குச் சொல்லாத கண்ணு. ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வந்து சொல்லு.”

“யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன்.”

“அது என்னையப் பாக்கறதுக்கு முன்னாடி யோசிச்சது. இப்பப் பாத்துட்ட இல்ல? மறுபடி யோசி.”

மற்றவர்களுக்கு ஒரு நாள் அவகாசம் என்பது மரியாதை. எனக்கு அது தண்டனை மாதிரி. முடிவு செய்தபின் அதில் எதைப் பார்க்காமல் விட்டோம் என்று தேடுவதுதான் என் குணம். மழையில் நனைந்து பாப்பாவுக்குச் சளி பிடித்தால்? பழைய தாளின் தூசி மூச்சுக்கு ஆகாமல் போனால்? என் கணவர் நாகலூரில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிற வேலை. “உனக்குப் பிடிச்சிருக்குதா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல” என்றார். பிடித்திருந்தது. அதுவே பயமாகவும் இருந்தது. மறுநாள் போய், முந்தின நாளைவிடச் சின்னக் குரலில் சரி என்று சொன்னேன்.

“இந்தச் சரி கொஞ்சம் பயந்த மாதிரி இருக்குது. பரவால்ல, இது நிக்கும். வா” என்றார்.

பதிப்பாளர்களிடமும் அவர் இதையேதான் செய்தார். நான் கூடப் போன முதல் பயணம் நாமக்கல்லுக்கு. கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சொந்தமாகப் பதிப்பகம் வைத்திருந்தவர். நாங்கள் உட்கார்ந்ததும் அக்கா பேச ஆரம்பித்தார். வாங்க வந்தவர் பேசுகிற பேச்சாக அது இல்லை.

“ஒருதடவை இணையத்துல ஏறிட்டா அப்புறம் எறக்க முடியாதுங்க. நாங்க எடுத்துட்டாலும் அதுக்குள்ள நாலு பேரு எடுத்து வெச்சிருப்பாங்க. அப்புறம் நீங்க மறுபடி அச்சுப் போட்டா விக்காமப் போகலாம். நாளைக்கு வேற ஒருத்தர் உங்க பேர் போடாம அதையே அச்சடிச்சாலும் அடிப்பாங்க. நாங்க ஒன்னும் பண்ண முடியாது.”

பேராசிரியர் சிரித்தார். “ஏனுங்க, நீங்க பொஸ்தகம் கேக்க வந்தீங்களா, குடுக்காதீங்கன்னு சொல்ல வந்தீங்களா?”

“கேக்கத்தானுங்க வந்தேன்.”

“கேட்டாச்சில்ல? குடுத்தாச்சு. பேனா எங்க?”

அவர் நீலக் கோப்பை மூடினார். “இன்னைக்கு வாங்கமாட்டேனுங்க. நாளைக்கு வர்றேன்.”

“நாமக்கல்லுக்கும் ஏற்காட்டுக்கும் நடையா நடக்கப் போறீங்களா? நானே சொல்றேன், எனக்குச் சம்மதம்.”

“என்னையப் பாத்துக்கிட்டே சொல்ற சம்மதம் வேணாமுங்க. நான் எந்திரிச்சுப் போனதுக்கப்புறமும் இருக்குதான்னு பாருங்க. இருந்தா நாளைக்குக் குடுங்க.”

பேராசிரியருக்கு முகம் கொஞ்சம் மாறிவிட்டது. தன் வார்த்தையை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார் போல. மறுநாள் நாங்கள் மறுபடி போனோம். அவர் மகனிடம் பேசியிருந்தார். மகனுக்கு விருப்பமில்லை. வெறும் கோப்போடு மூன்று பஸ் மாறித் திரும்பினோம். வழியில் அக்கா தயிர்சாதத்தைத் திறந்து, பாப்பாவுக்கு ஒரு வாய் கொடுக்கலாமா என்று என்னைப் பார்த்தார்.

“நேத்தே வாங்கியிருக்கலாங்க்கா” என்றேன்.

“வாங்கியிருந்தா அவருக்கும் அவரு பையனுக்கும் சண்டை. நமக்கு ஒரு பொஸ்தகம்.”

அவ்வளவுதான் சொன்னார். ஊறுகாயை நன்றாகத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பாயின் கடை இருந்தது. ஜெராக்ஸ், கூரியர், போன் ரீசார்ஜ் எல்லாம் அங்கேதான். எங்கள் படிவங்களை அச்செடுப்பதும் அவர்தான். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தால் கல்லாவிலிருந்தே குரல் கொடுப்பார்.

“என்னங்கக்கா, இன்னைக்கும் கேட்ட நாள் மட்டுந்தானா?”

“ஆமாங்க பாய்.”

“உங்களயெல்லாம் பொண்ணு பேச அனுப்பினா மாப்பிள்ளைக்குப் பல்லு விழுந்துரும்.”

“விழட்டும். அப்புறமும் சரின்னு சொன்னாக் கட்டி வைக்கலாம்” என்பார் இவர். பாய் படிவக் கட்டை நீட்டிவிட்டு, பாப்பாவுக்கு மிட்டாய் எடுப்பார். நான் வேண்டாம் என்பதற்குள் அவள் வாயில் போட்டுவிடுவாள்.

எல்லாரும் மனம் மாறவில்லை. மறுநாளும் சரி என்று சொன்னவர்கள் அப்புறம் ஒரு நாளும் பின்வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களே பரணில் ஏறித் தேடி, பிழைதிருத்தத் தாள் ஒன்று தனியாக அச்சடித்திருந்தோமே என்று அதையும் எடுத்துத் தருவார்கள். தருமபுரிக்காரர் ஒருவர் நாங்கள் கேட்காத இரண்டு பதிப்புகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் மேலே வந்து இறங்கினார். குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ரோஜாச் செடி ஓரமாக நின்று, “நீங்க ரெண்டாவது தடவை வந்தீங்க பாருங்க, அதுக்காகத்தான்” என்றார். அந்த மாதிரி நாட்களில் அக்காமேல் எனக்கு ஒரு பெருமை வரும். அடுத்த வெறுங்கைப் பயணத்தில் அது போய்விடும்.

பாப்பாவைக்கூட அவர் கேட்காமல் தூக்கியதில்லை. கையை நீட்டிவிட்டு நிற்பார். அவள் வந்தால் சரி, முகத்தைத் திருப்பினால் கையை மடக்கிக்கொண்டு போய்விடுவார். நான் சேர்ந்த முதல் மூன்று வாரம் அப்படிப் போனது. அதற்குள் தபால்காரர்கூட அவளைத் தூக்கிக் கொஞ்சியாகிவிட்டது. நாலாவது வாரம் அவளாகவே தவழ்ந்து போய் அவர் புடவையைப் பிடித்து எழுந்து நின்றாள். அவர் உடனே தூக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் தூக்கினார்.

நான் சேர்ந்து ஆறு மாதம் ஆனபோது சென்னையிலிருந்து கெடுபிடி ஆரம்பித்தது. மற்ற கிளைகளில் வருவதில் பாதிகூட ஏற்காட்டில் வருவதில்லை என்றார்கள். உண்மைதான். மார்ச்சோடு கிளையை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது நாங்கள் தேடவேண்டிய பட்டியலில் இருந்த ஒரு பதிப்பின் பெயரைச் சொல்லி, அது மட்டும் கிடைத்தால் இன்னொரு வருடத்துக்கு அனுமதி வாங்கித் தரலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி.

அது இந்த மலையைப் பற்றிய ஒரு கதைப்பாடல். கீழேயிருந்து உப்பு மூட்டை சுமந்து வந்து மலையில் விற்ற ஒரு பெண்ணின் கதை. ஒரு சுவடியையும் இரண்டு நோட்டுகளையும் ஒப்பிட்டு, சேலத்தில் வாழ்ந்த ஒரு தமிழாசிரியர் பதிப்பித்தது. எந்த நூலகத்திலும் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. வெளியிட்ட பதிப்பாளர் சேலத்தில், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்தில் இருந்தார். அவரிடம் ஆபீஸ் காப்பி இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஊசி போட நான் சேலத்துக்குப் போவதாக இருந்தது. அதே நாள் அக்காவுக்குச் சென்னைக்காரர்களோடு கம்ப்யூட்டரில் கூட்டம். போனில் கேட்டாலும் கேட்டதுதான் என்பது அவருடைய விதி. கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு நாள் கடந்திருந்தால் போதும். அதனால் சனிக்கிழமை மாலை என்னிடம் சொன்னார்:

“நாளைக்குப் போன் பண்ணி நீ கேட்டுடு கண்ணு. எல்லாத்தையும் சொல்லிக் கேளு, நட்டத்தையும் சொல்லு. திங்கக்கெழமை சரின்னா வாங்கிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க மழை. காலையில் சர்ச், வந்ததும் பாப்பாவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, மூக்கு ஒழுகினால் ஊசி போடலாமா கூடாதா என்று ஒரு கவலை, காயாத துணி வேறு. போனைக் கையில் எடுக்கவே இல்லை. மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை மலை இறங்கும் பஸ்ஸில், எட்டாவது கொண்டை ஊசி வளைவிலோ ஒன்பதாவதிலோ, அது நினைவுக்கு வந்தது.

ஊசி போட்டுவிட்டு நேராகப் பதிப்பாளர் வீட்டுக்குப் போனேன். எழுபத்தைந்து வயது இருக்கும். கீழே அச்சகம் இருந்த இடம் காலியாகப் பூட்டிக் கிடந்தது. மாடியில் உட்கார வைத்து, மோர் கொடுத்தார். பாப்பா தொடையில் வலி தாங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். நட்டத்தையும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பாதியிலேயே எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார்.

“இதக் கேட்டு ஒரு ஆளு வந்து நொம்ப வருசம் ஆச்சு அம்மணி. இப்ப நீ கைக்கொழந்தையத் தூக்கிட்டு மலையில இருந்து வந்திருக்கற.”

செய்தித்தாளில் பொதிந்திருந்த புத்தகத்தைப் பிரித்தார். பல பக்கங்களில் பென்சிலால் திருத்தம் இருந்தது. அச்சு வரியை அடித்து, மேலேயே பொடி எழுத்தில் வேறு வரி.

“பதிப்பாசிரியர் எழுதினது. ரெண்டாம் பதிப்புக்குன்னு பாத்து வெச்சாரு. அதுக்குள்ள அவரே போய்ச் சேந்துட்டாரு. எனக்கு நல்ல சிநேகிதர். பேனா குடு சாமி.”

அந்த இடத்தில் நான் கோப்பை மூடியிருக்க வேண்டும். ஊசி போட்டால் மறுநாள் காய்ச்சல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சலோடு குழந்தையை அத்தனை வளைவிலும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடவேண்டும். ஒரு வாரத்தில் இவர் மனம் மாறினால் கிளை போய்விடும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை எனக்கு மறுபடி எங்கே கிடைக்கும்? இவ்வளவையும் நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்.

தந்த நாளை அவரே எழுதினார். கேட்ட நாளுக்கான இடம் காலியாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பாப்பா தோளில் தூங்கியதும், அதில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியை நான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழமை போன் பண்ணிட்டியா கண்ணு?”

“பண்ணிட்டேங்க்கா.”

படிவத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு கோப்பில் வைத்தார். “ஊசி போட்ட எடம் வீங்கியிருக்குதா? ஐஸ் வெச்சியா?” என்று கேட்டார். சென்னைக்குப் போன் செய்து கிடைத்துவிட்டது என்று சொன்னார். அவர்கள் சந்தோஷப்பட்டது போனில் எனக்கே கேட்டது.

மூன்று நாளில் முழுப் புத்தகத்தையும் நான் படமெடுத்தேன். வேலை செய்யும்போது படிக்கக்கூடாது, படித்தால் வேகம் குறையும். இதை மட்டும் படித்தேன். அந்தப் பென்சில் திருத்தங்கள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தன. அச்சில் குழப்பமாக இருந்த இடத்தில் பென்சில் வரியைப் போட்டால் உப்புக்காரி கண்முன்னால் நடந்து போனாள்.

அடுத்த வாரம் பதிப்பாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். எடுத்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார்.

“அம்மணி, நான் வார்த்தை மாற மாட்டேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான். ஆனா அந்தப் பென்சில் எழுத்து மட்டும் தெரியாம பண்ண முடியுங்களா?”

“ஏனுங்கய்யா?”

“அவரு ஆஸ்பத்திரியில இருக்கறப்ப எங்கிட்ட ஒரு வாக்கு வாங்கினாரு. இன்னும் பாத்து முடிக்கல, முடிக்காதத யாருக்கும் காட்டிடாதன்னாரு. நானும் சரின்னேன். நீங்க வந்து கேட்டதும் சந்தோசத்துல அது நெனப்புக்கே வரல. நீங்க போயி படியெறங்கினதுக்கப்புறம் வந்துச்சு. ஒரு வாரமா உங்களக் கூப்புடலாமா வேணாமான்னு இருந்தேன்.”

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அக்காவிடம் போய் அப்படியே சொன்னேன். தேதியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, பென்சில் எழுத்தை அழித்துப் பார்க்கச் சொன்னார். அச்செழுத்தின் மேலேயே அடித்துத் திருத்தியிருந்ததால் பென்சிலை அழித்தால் அச்சும் சேர்ந்து போனது. பக்கம் முழுக்க வெள்ளை ஓட்டைகள்.

“நாளைக்கு மொத பஸ்சுக்குப் போலாம். பாப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்க” என்றார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் மடியில். புத்தகம் என் மடியில். பாதி மலை இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

“அக்கா, நான் ஞாயித்துக்கெழமை போன் பண்ணலீங்க. திங்கக்கெழமை போயி அப்பவே வாங்கிட்டேன். தேதி நான் எழுதினது.”

“தெரியும் கண்ணு.”

“எப்படீங்க?”

“ஞாயித்துக்கெழமை மழையில மலைமேல ஒரு போனும் வேலை செய்யல. டவரே போச்சு. என் போன்தான் கெட்டுப்போச்சோன்னு நான் பாய் கடை வரைக்கும் கொடை புடிச்சுட்டுப் போயிக் கேட்டேன்.”

ஒரு மலை முழுக்கத் தெரிந்த விஷயம். பொய் எழுதிய எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது.

“அப்பறம் ஏங்க்கா அன்னைக்கே கேக்கல?”

அவர் பாப்பாவின் குல்லாயை இழுத்துக் காதை மூடினார். “எனக்கும் அது வேணும்னு இருந்துச்சு” என்றார்.

பதிப்பாளர் புத்தகத்தை வாங்க மறுத்தார். “நான் குடுத்தேனுங்க. குடுத்தத வாங்க மாட்டேன்” என்றார்.

“நீங்க குடுக்கலீங்க. இது செல்லாது. கேட்ட அன்னைக்கே வாங்கினது.”

“என் கையெழுத்து. செல்லும்னு நான் சொல்றேன்.”

“எங்க படிவம். செல்லாதுன்னு நான் சொல்றேன். நான் பாத்துட்டே சும்மா இருந்தேனுங்க. தப்பு என்னுது.”

இரண்டு பேரும் மாறி மாறி இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொடுத்தேன் என்கிறார், ஒருவர் கொடுக்கவில்லை என்கிறார். பாப்பா நடுவில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெரியவர் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்மேல் கையை வைத்த விதத்தைப் பார்த்தபோது, அந்த ஒரு வாரம் அவர் எப்படி இருந்திருப்பார் என்று தெரிந்தது. பென்சில் படாத பிரதி வேறு யாரிடமாவது இருக்குமா என்று இப்போதே கேளுங்கள் என்று நான் அக்காவின் முழங்கையைத் தொட்டேன். அவர் எழுந்துவிட்டார். வெளியே வந்து, “திருப்பிக் குடுக்க வந்த எடத்துல கைநீட்டக் கூடாது” என்றார்.

அன்று மதியமே படங்களை அழித்தோம். நான் அழிக்க, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து அழிக்கச் சொன்னார். காப்புக்காக வைத்திருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கிலும் அழித்தோம். பிறகு சென்னைக்குப் போன் செய்தார்.

“கெடைச்சிருச்சுன்னு சொல்லியிருந்தேன். கெடைக்கலீங்க” என்றார். அங்கே ஏதோ கேட்டார்கள். “இல்லீங்க, அவரு மேல தப்பில்ல. நாங்கதான்” என்றார்.

மார்ச்சில் கிளையை மூடினார்கள். கேமராவைப் பாய் கடையில் பார்சல் கட்டினோம். “இன்னைக்கே அனுப்பட்டுங்களா, நாளைக்கா?” என்று பாய் கேட்டார். அக்கா அன்றைக்கு ஒருதடவை வாய்விட்டுச் சிரித்தார். ஈரம் உறிஞ்சும் மெஷினை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது இன்னும் அந்தக் கட்டிடத்திலேயே கிடக்கிறது. அவர் திருச்செங்கோட்டில் தங்கை வீட்டுக்குப் போய், ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தார். நான் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். இப்போது மிஷன் பள்ளி ஒன்றில் பகுதிநேரமாகத் தமிழ் எடுக்கிறேன். பாப்பாவும் அங்கேதான் எல்.கே.ஜி.

என்னால்தான் கிளை போயிற்று என்று சில நாள் தோன்றும். அவருடைய விதிதான் அதை மூடியது, நான் ஒரு தடவை மட்டும்தானே மீறினேன் என்று சில நாள் தோன்றும். எது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

சென்ற வருடம் அந்தக் கதைப்பாடல் இணையத்தில் வந்துவிட்டது. பதிப்பாளரே எனக்குப் போன் செய்து சொன்னார். யாரோ ஒரு பழைய வாசகரின் வீட்டில் பென்சில் படாத பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து, சென்னைக்குத் தானே அனுப்பியிருக்கிறார். அச்சிட்டபடி, ஒரு எழுத்து மாறாமல். பாத்திரம் கழுவின கையைத் துடைத்துக்கொண்டு போனில் திறந்து பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு நேராகப் போனேன். அங்கே ஒரு வரி, அச்சில் தவறாக இருக்கிறது. அதற்கு மேல் பென்சிலில் என்ன இருந்தது என்று எனக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும்.

சில மாதம் கழித்து ஒரு ஆய்வு மாணவி அந்தத் தவறான வரியை வைத்தே நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அவளுக்கு எழுத உட்கார்ந்தேன், எழுதியதை அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் திருச்செங்கோட்டுக்குப் போன் செய்தேன்.

“ஏனுங்க்கா, அந்தப் பென்சில் எழுத்துல ஒரு வரி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குதுங்க. அதுதான் சரி. ஒரு புள்ள தப்பா எழுதியிருக்கறா. சொல்லிடட்டுங்களா? சொன்னாத் தப்பா, சொல்லாட்டித் தப்பா?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவர் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

“உன்னோடது எத்தனாம் பக்கம் கண்ணு?”

“நூத்திப் பன்னண்டுங்க்கா.”

கரண்டியை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது.

“எனக்கு முப்பத்தாறு” என்றார்.

என்னுடைய வரி என்ன என்று அவர் கேட்கவில்லை. முப்பத்தாறாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று நானும் கேட்கவில்லை. பாப்பா பள்ளிக்கூடத்தில் அழுகிறாளா என்று விசாரித்தார். முதல் வாரம் அழுதாள், இப்போது அழுவதில்லை என்று சொன்னேன்.